டிப்பருக்கு மூச்சு எங்க அடைச்சுது: பம்பு மேல பழிய போட்டு 14,500 விட்ட கதை

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு மேல, சென்னை அவுட்டர் ரிங் ரோட்டுல மீஞ்சூர் பக்கம், ஃபுல் லோடு எம்-சாண்டோட ஒரு பாலம் ஏறி இறங்கி வண்டிய ஓரங்கட்டிட்டு ஃபோன்ல எடுத்த வீடியோவ ஓட்டி பாத்தேன், எஞ்சின் காத்து இழுக்க எவ்ளோ திணறுதுன்னு அளக்க நான் கட்டின டியூப்ல தண்ணி மட்ட வித்தியாசம் 13 இன்ச்சுக்கு மேல போகல (கம்மியா இருந்தா நல்லது). அஞ்சு வாரம் முன்னாடி இதே பாலத்துல இதே லோடுக்கு 40 இன்ச். நடுவுல என்னென்ன கூத்து நடந்துச்சுன்னு மறக்கறதுக்குள்ள எழுதி வெச்சிடறேன், ஏன்னா இதுல நான் வேஸ்ட் பண்ண காசுல பாதிய இன்னொருத்தராவது மிச்சம் பண்ணலாம்.

வண்டி பத்து வீல் டிப்பர், 2009 மாடல், 6 சிலிண்டர் 5.9 லிட்டர், டர்போ (காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்றது), இன்டர்கூலர் (அந்த காத்த ஆற வெக்கறது), மெக்கானிக்கல் டீசல் பம்பு. சென்சார் ஒண்ணும் கிடையாது, ஸ்கேனர் போட்டு பாக்குற பேச்சுக்கே இடமில்ல. ஓட்டுறது மச்சான், நான் பேருக்கு ஓனர், நெஜத்துல எடுபிடி. எம்-சாண்டு, ஜல்லி, மாசத்துல பத்து நாள் அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலைய சாம்பல் லோடு. எண்ணூர், மணலி ரூட்டு ஓட்டுறவங்களுக்கு தெரியும், கரி தூசி, சாம்பல், அதோட உப்பு காத்து, காலைல தொடச்ச கண்ணாடி சாயங்காலம் விரல்ல பேர் எழுதற மாதிரி இருக்கும். அந்த காத்த தான் எஞ்சினும் குடிக்குது.

ஜூன் கடைசில மச்சான் சொல்ல ஆரம்பிச்சான். லோடோட பாலம் ஏறினா பிக்கப் இல்ல, முன்னாடி நாலாவது கியர்ல ஏறுனது இப்ப மூணுல அழுதுகிட்டு ஏறுது, பின்னாடி கருப்பு புகை வர்றதுல பைக்காரன்லாம் திட்டிட்டு போறான்னு. காலி வண்டில ஒண்ணும் தெரியாது, ஷெட்டுல நிறுத்தி ரேஸ் பண்ணி பாத்தா சுத்தமா இருக்கு. இந்த ஒரு விஷயம், லோடுல மட்டும் வர்ற பிரச்சனைங்கறது, முதல் நாளே மண்டைல ஏறியிருக்கணும். ஏறல.

மெக்கானிக் மேஸ்திரி பாத்துட்டு பம்புன்னாரு. கழட்டி பம்பு ரூமுக்கு குடுத்து காலிபரேஷன், எலிமென்ட், நாசில் சர்வீஸ் எல்லாம் சேத்து 14,500. பம்பு ஆளு நல்ல மனுஷன், "பிக்கப் கம்மின்னீங்கல்ல, கொஞ்சம் டீசல் ஏத்தி வுட்டுருக்கேன்"னு சொல்லி குடுத்தாரு. மாட்டினோம். புகை டபுள் ஆச்சு. காத்து பத்தாத எஞ்சினுக்கு டீசல ஏத்தினா வேற என்ன ஆகும், ஆனா அது இப்ப தெரியுது. மைலேஜ் 3.1ல இருந்து 2.8க்கு வந்துச்சு.

அடுத்து டர்போ மேல சந்தேகம். ரீகண்டிஷன் 22,000ன்னு சொன்னாங்க. நல்லவேளை கையில காசு இல்ல. டர்போ வாய திறந்து ஷாஃப்ட புடிச்சு ஆட்டி பாத்தேன், ஆட்டம் இல்ல, பிளேடு நுனி தேயல, கையில லேசா எண்ணெய் ஒட்டுச்சு அவ்ளோதான். பூஸ்ட் கேஜ் (டர்போ தள்ற காத்தோட அழுத்தத்த காட்டறது) ஒண்ணு 900 ரூபாக்கு வாங்கி மாட்டினதுல ஏத்தத்துல 13 பி.எஸ்.ஐ தான் வந்துச்சு. இன்டர்கூலர் ஹோஸ்க்கெல்லாம் சோப்பு தண்ணி அடிச்சு பாத்தேன், எங்கயும் ஒழுகல.

இந்த நேரத்துல டயர் கடைல ஒரு தம்பி, "அண்ணா ஏர் கிளீனர் டப்பாவையே தூக்கிட்டு கோன் ஃபில்டர் போடுங்க, காத்து அள்ளிகினு வரும்"ன்னான். 3,200 குடுத்து வாங்கி, ரப்பர் எல்போ (டப்பாவையும் இரும்பு பைப்பையும் சேக்கற வளைவு), டப்பா எல்லாத்தையும் ஒதுக்கிட்டு டர்போவுக்கு போற இரும்பு பைப்பு வாயிலயே சொருகிட்டேன். அன்னிக்கு ராத்திரி ஓட்டம் பாத்தா வண்டி பறக்குது! மச்சான் ஃபோன் பண்ணி குஷியா கத்துறான். நானும் கோன் ஃபில்டர் சூப்பர்னு நெனச்சேன். (எது சூப்பரா வேலை செஞ்சுதுன்னு பின்னாடி வரும், அந்த எல்போவ மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.)

மறுநாள் மதியம் பல்ல காட்டிடுச்சு. கோன் இருக்கறது எஞ்சின் பக்கத்துல, ரேடியேட்டர்ல இருந்து வர்ற சூடு மொத்தமும் அது மேல. மல்டிமீட்டரோட வர்ற டெம்பரேச்சர் ஒயர கோன் பக்கத்துல கட்டி விட்டேன், வெளிய 36 டிகிரி, கோன் வாயில 68. கணக்கு போட்டா அந்த சூட்டு காத்துல எடை சுமார் 9 சதவீதம் கம்மி. அத கூட பொறுத்துக்கலாம். நாலாவது நாள் ஒரு வெள்ளை துணிய பைப்புக்குள்ள விட்டு தொடச்சேன், சாம்பல் கலர்ல வந்துச்சு. ஃபில்டர தாண்டின பைப்புல தூசி இருந்தா அது நேரா டர்போ பிளேடுலயும் லைனர்லயும் போய் உப்புத்தாள் வேலை பாக்கும். அன்னிக்கே கழட்டிட்டேன். கோன் இப்ப வீட்டு பரண்ல. யாருக்காவது வேணும்னா சும்மாவே தர்றேன், சாம்பல் லோடு அடிக்கற வண்டின்னா தரமாட்டேன்.

பழைய டப்பாவ திரும்ப மாட்டும்போது தான், சரி எத்தன இழுவை இருக்குன்னு அளந்தாவது பாப்போம்னு தோணுச்சு. ஏர் கிளீனர் டப்பால இருந்து டர்போ பக்கம் காத்து வெளியேற வாயில ஒரு சின்ன பிளக் இருக்கும், ஃபில்டர் அடைச்சா செகப்பு காட்டுற இண்டிகேட்டர் மாட்ற ஓட்டை. நம்ம வண்டில இண்டிகேட்டர் எப்பவோ ஒடஞ்சு போல்ட் போட்டு அடச்சு வெச்சிருந்தாங்க. டர்போ டீசல்ல இந்த இண்டிகேட்டர் பெரும்பாலும் 25 இன்ச் தண்ணிக்கு செகப்பாகும், அதாவது காத்து இழுக்கற இழுவை 25 இன்ச் ஒசரத்துக்கு தண்ணிய தூக்குற அளவு. அப்ப தண்ணிய வெச்சே அளக்கலாமே.

எங்க சித்தப்பா கொத்தனார், தண்டையார்பேட்டைல இருக்காரு. அவரோட லெவல் டியூப்ல கொஞ்சம் வெட்டி எடுத்துட்டு வந்தேன், கேக்காம தான். அதை ஒரு பலகைல யூ மாதிரி வளச்சு ஆணி அடிச்சு, பாதி வரைக்கும் தண்ணி ஊத்தி கொஞ்சம் துணி நீலம் கலந்து, ஒரு முனைய அந்த ஓட்டைக்கு குடுத்து, இன்னொரு முனைய சும்மா விட்டேன். ஷெட்டுல பாத்த மேஸ்திரி, "இன்னா நைனா, வண்டிக்கு குளுக்கோஸ் ஏத்திகினு கீறியா?"ன்னாரு.

முதல் பலகை ரெண்டடி தான். ரேஸ் பண்ணப்ப 8 இன்ச் தான் ஏறுச்சு, அதனால தைரியமா ரோட்டுக்கு எடுத்துட்டு போனோம், ஏத்தத்துல மச்சான் ஆக்சிலேட்டர் மிதிச்சதும் தண்ணி சர்ருனு மேல போய் டியூப்ல இருந்தது மொத்தமும் எஞ்சினுக்குள்ள. நெஞ்சே நின்னுடுச்சு. நூறு மில்லி கூட இருக்காது, அதுவும் ஓடற எஞ்சின்ல கொஞ்சம் கொஞ்சமா போனதால ஒண்ணும் ஆகல. ரெண்டாவது தடவ அஞ்சடி பலகை, மேல் முனைல ஒரு காலி ஜூஸ் பாட்டில வழில மாட்டிட்டேன், தண்ணி தாண்டினா பாட்டில்ல விழட்டும்னு. இது இல்லாம யாரும் செய்யாதீங்க.

ரெண்டாவது தடவ எடுத்த அளவு 13 இன்ச். அட, 25க்கு பாதி தானே, காத்து ரூட்டு கிளீன்னு முடிவு கட்டி ரெண்டு நாள் வேற எதையோ நோண்டிகிட்டு இருந்தேன். டியூப் தேடி வந்த சித்தப்பா தான் பலகைய பாத்துட்டு, "ஒரு பக்கம் 13 ஏறுனா இன்னொரு பக்கம் 13 எறங்கியிருக்கும்ல டா, ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோன்னு தான பாக்கணும்"ன்னாரு. 26. மானம் போச்சு. முப்பது வருஷம் தண்ணி மட்டம் பாத்த கை, ஒரு நொடில புடிச்சிட்டாரு.

26ன்னா ஃபில்டர் மாத்த வேண்டிய நேரம் தாண்டிடுச்சு. அவுட்டர், இன்னர் ரெண்டும் சேத்து 2,600. பழைய அவுட்டர டார்ச் அடிச்சு பாத்தா மடிப்புல மூணு எடத்துல ஊசி ஓட்டை. பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல ஃபுல் பிரஷர்ல வெளிய இருந்து ஊதி ஊதி கிளீன் பண்ணதோட பலன். ஊதினா 30 பி.எஸ்.ஐக்குள்ள, உள்ள இருந்து வெளிய பாத்து ஊதணும், இன்னர ஊதவே கூடாது, மாத்தணும். டப்பா அடியில தூசி தானா கொட்டறதுக்கு ஒரு ரப்பர் மூக்கு இருக்கும், அது சாம்பல்ல இறுகி கல்லு மாதிரி இருந்துச்சு, 120 ரூபா, அதையும் மாத்தினேன். 26 எறங்கி 17 ஆச்சு.

ஆனா பிக்கப் பெருசா மாறல. புகையும் அப்படியே. பூஸ்ட் 14. இங்க தான் விட்டுட்டு டர்போவ மாத்திடலாம்னு இருந்தேன், அப்புறம் தான், நான் அளந்தது டப்பா வாயில மட்டும், டர்போ வாயில என்னன்னு தெரியாதேன்னு உறைச்சுது. டப்பால இருந்து ஒரு ரப்பர் எல்போ, அப்புறம் 4 இன்ச் இரும்பு பைப்பு, அதோட கடைசில டர்போ. பைப்ப கழட்டி வெளிய எடுத்து (மாட்டினபடியே ஓட்டை போட்டா இரும்புத்தூள் டர்போவுக்கு தான் போகும்) டர்போ பக்கத்து முனைல 6 எம்.எம் ஓட்டை போட்டு, பிசிர் எடுத்து, ஒரு சின்ன நிப்பிள் பத்த வெச்சு கழுவி மாட்டினோம். வெல்டிங்குக்கு 150.

அன்னிக்கு ராத்திரி பாலத்துல 40 இன்ச்.

டப்பா வாயில 17, ஒரு மீட்டர் தாண்டி டர்போ வாயில 40. நடுவுல 23 இன்ச்ச முழுங்கறது எது? அடிபம்பு அடிச்சவங்களுக்கு புரியற மாதிரி சொன்னா, மொத்த காத்தழுத்தமே சுமார் 34 அடி தண்ணி தான், அதுல மூணேகால் அடிய, கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்க, டர்போ வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தொலச்சிட்டு நிக்குது வண்டி.

எல்போவ வெளிய அமுக்கி பாத்தா கெட்டியா இருக்கு, வெடிப்பு இல்ல. கழட்டி உள்ள கைய விட்டேன், நாக்கு மாதிரி ஒண்ணு தொங்குது. உள் ரப்பர் லேயர் துணில இருந்து பிரிஞ்சு வந்திருக்கு, நிறுத்தி வெச்சா செவுத்தோட ஒட்டிகிட்டு சாது மாதிரி இருக்கும், இழுவை ஏறினதும் எழும்பி பாதி வழிய மூடிடும். ஷெட்டுல எவ்வளவு ரேஸ் பண்ணாலும் தெரியாதது இதனால தான், லோடு இல்லாம டர்போ பூஸ்ட் ஏத்தாது, காத்தும் அந்தளவு ஓடாது, நாக்கும் எழும்பாது. கோன் ஃபில்டர் போட்ட அன்னிக்கு வண்டி பறந்துச்சே, அது கோன் செஞ்ச வேலை கிடையாது, எல்போவ கழட்டி ஓரமா வெச்சிருந்தேன். துப்பு கையில இருந்தும் பத்து நாள் சுத்தியிருக்கேன்.

புது எல்போ வாங்கறதுலயும் ஒரு சொதப்பல். பளபளன்னு நீல கலர் சிலிகான் எல்போ 1,400க்கு கெடச்சுது, வழவழன்னு இருக்கு, 4 இன்ச், சரியா உக்காந்துச்சு. அளந்தா 31. ஃபோன டேப் போட்டு கேபின் அடியில கட்டி வீடியோ எடுத்தேன், ஏத்தத்துல எல்போ நடுவுல சப்பி உள்ள போகுது. அது பூஸ்ட் பக்கத்துக்கு செஞ்சது, உள்ள இருந்து வெளிய தள்ற அழுத்தத்த தாங்கும், உறிஞ்சற பக்கத்துக்கு உள்ள ஸ்பிரிங் கம்பி சுத்தினது தான் வேணும். கம்பி வெச்ச ரப்பர் எல்போ 1,850, ரெண்டு முனைக்கும் டி-போல்ட் கிளாம்ப் 180 வீதம். மாட்டினதும் டர்போ வாயில 19. பூஸ்ட் 18. மச்சான் நாலாவது கியர்ல பாலம் ஏறிட்டு ஒண்ணும் பேசல, ஒரு சிரிப்பு சிரிச்சான்.

இதோட விட்டிருக்கலாம். ஆனா டப்பா வாயில இருந்த 17 உறுத்திகிட்டே இருந்துச்சு, புது ஃபில்டருக்கு இது ஜாஸ்தி. முன்னாடி ஓனர் ஸ்நார்க்கல் (ஒசரத்துல இருந்து காத்து எடுக்கற குழாய்) எங்கயோ மரத்துல மாட்டி ஒடஞ்சதும் அத அறுத்து எறிஞ்சிட்டு, 3 இன்ச் பைப்ப ரெண்டு வளைவு வளச்சு கிளீனர் சைடு முன் சக்கரத்துக்கு பின்னாடி, தரையில இருந்து மூணரை அடில வாய் வெச்சு விட்டிருந்தாரு. (கிளீனர் சைடுன்னா இடது பக்கம், ஏர் கிளீனர் கூட குழப்பிக்காதீங்க.) சக்கரம் கிளப்புற மொத்த தூசியும் நேரா அங்க. 2023 டிசம்பர் மிச்சாங் புயல்ல மணலி பக்கம் வண்டி தண்ணில நின்னப்ப, ஸ்டார்ட் பண்ண வேணாம்னு எதுக்கு எனக்கு தோணுச்சோ, சாமி தான். தண்ணி சக்கர ஹப்ப தாண்டி நின்னுச்சு.

5.9 லிட்டர் எஞ்சின் 2500 சுத்துல, டர்போ இல்லாமலே நிமிஷத்துக்கு 7,300 லிட்டருக்கு மேல காத்து இழுக்கும், பூஸ்டோட சேத்தா ஒரு பெரிய தண்ணி லாரி கொள்ளளவ நிமிஷத்துல குடிச்சிடும். அத 3 இன்ச் ஓட்டைல விட்டா திணறாம? 5 இன்ச்னா வாய் பரப்பு கிட்டத்தட்ட 2.8 மடங்கு.

லேத் பட்டறை வெச்சிருக்கற பாய் கிட்ட போனேன். 5 இன்ச் எம்.எஸ் பைப்பு ஆறடி, பழைய இரும்பு கடைல எடைக்கு போட்டு 1,100. கேபினுக்கு பின்னாடி நேரா மேல, கூரைக்கு ஒரு அடி மேல வாய், கீழ டப்பாவுக்கு போக ஒரே ஒரு பெரிய வளைவு. நான் வாய முன்னாடி பாத்து வெக்கச் சொன்னேன், வண்டி ஓடற வேகத்துல காத்து தானா நெட்டித் தள்ளும்னு. பாய் "வேணாம் தம்பி, மழை போவும்"ன்னாரு, கேக்கல. அந்த வாரமே ஒரு மழை, டப்பா ரப்பர் மூக்குல தண்ணி சொட்டுது, அவுட்டர் ஃபில்டர் ஓரம் நனஞ்சு போச்சு, கூடவே ரெண்டு தும்பி. வீட்டுக்கு வந்து கணக்கு போட்டா, 50 கிலோமீட்டர் வேகத்துல முன் காத்து குடுக்கற அழுத்தம் அரை இன்ச் தண்ணி கூட வரல. அரை இன்ச்சுக்கு ஆசப்பட்டு 1,900 ரூபா ஃபில்டர நனச்சேன். மறுபடி பாய் கிட்ட போய் வாய அறுத்து, தலைல குடை மாதிரி மூடி. அவரு ஒரு வார்த்தை சொல்லாம வெல்டிங் வெச்சாரு, ஆனா கூலி 500 எக்ஸ்ட்ரா. ரெண்டு தடவைக்கும் சேத்து கூலி 2,300, பெயிண்ட் 280.

இப்ப டப்பா வாயில 11, டர்போ வாயில 13. உண்மைய சொல்லணும்னா 19ல இருந்து 13க்கு வந்தது ஓட்டத்துல கைக்கு தெரியல, பூஸ்ட் 18 போய் 19, மச்சானும் வித்தியாசம் இல்லன்னுட்டான். ஆனா மேல இருந்து காத்து எடுக்கறதால அவுட்டர் ஃபில்டர்ல சேர்ற தூசி கண்ணுக்கே கம்மியா தெரியுது. பெரிய பைப்பு போட்டா பவர் ஏறும்னு யாராவது சொன்னா, உங்க வண்டில எங்க அடைப்புன்னு அளந்துட்டு அப்புறம் காச எடுங்க. எனக்கு பவர் திரும்ப வந்தது 1,850 ரூபா எல்போல.

கடைசியா பம்பு ரூமுக்கு போய் ஏத்தின டீசல எறக்கச் சொன்னேன், அதுக்கு 1,500 தனி. இப்ப லோடு, காலி சேத்து மைலேஜ் 3.5 நிக்குது, மூணு தடவ டேங்க் டு டேங்க் பாத்துட்டேன். புகை ஏத்தத்துல கியர் மாத்தும்போது மட்டும் ஒரு சின்ன பஃப்.

மொத்த செலவு 30,000 சொச்சம். அதுல தேவைப்பட்டது ஃபில்டர், எல்போ, கிளாம்ப், ரப்பர் மூக்கு, ஸ்நார்க்கல், சுமார் 8,000. மீதி என் அவசரத்துக்கு போட்ட மொய்.

அடுத்த தடவ செஞ்சா ஸ்நார்க்கலுக்கும் டப்பாவுக்கும் நடுவுல ஒரு ரப்பர் பெல்லோஸ் (வளைஞ்சு குடுக்கற மடிப்பு குழாய்) போடுவேன், கேபின் ஒரு பக்கம் ஆடுது சேஸிஸ் ஒரு பக்கம் ஆடுது, இப்பவே வெல்டிங் ஓரத்துல ஒரு மயிர் வெடிப்பு தெரியுது. சாம்பல் லோடுக்கு தலைல சுழல் பிரீ கிளீனர் (ஃபில்டருக்கு முன்னாடியே தூசிய சுழட்டி பிரிக்கறது) ஒண்ணு வெக்கணும்னும் இருக்கு, காயலான் கடைல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், 900 சொல்றான், 600க்கு வருவான். இண்டிகேட்டரும் புதுசு மாட்டிட்டேன், 450.

டியூப் விஷயத்துல சித்தப்பா இன்னும் கோவமா தான் இருக்காரு, டீசல் நாத்தம் புடிச்ச டியூப வெச்சு எந்த வீட்டுக்கு மட்டம் பாக்கறதுன்னு. 30 அடி புதுசு வாங்கி குடுத்தேன், 360 ரூபா. பழசு பலகையோட கேபின்ல சீட்டுக்கு பின்னாடி தான் கெடக்குது, மணலில ரெண்டு வண்டிக்காரங்க அளந்து பாக்க கேட்டு வெச்சிருக்காங்க.